பரவலாக்கப்பட்ட இணையம்

பரவலாக்கப்பட்ட இணையம் என்பது, பயனரின் தரவு ஒரே நிறுவனத்தின் சேவையகத்தில் குவியாமல், பலர் நடத்தும் சேவையகங்களில் பிரிந்திருக்கும் அமைப்பு. இச்சேவையகங்கள் பொது நெறிமுறை ஒன்றின் வழியே தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும். பிடிக்காத சேவையை விட்டு விலகினாலும் நண்பர்களின் தொடர்பு அறுந்துவிடாது என்பது இதன் அடிப்படை.

தோற்றம்

இதன் மூத்த வடிவம் மின்னஞ்சல். 1982இல் வெளியான எஸ்எம்டிபி நெறிமுறையின் வழிவந்ததால்தான் ஜிமெயிலிலிருந்து ஜோஹோ மெயிலுக்கு இன்றும் கடிதம் போகிறது. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலையையும் 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. பின்னர் வந்த சமூக வலைத்தளங்களும் அரட்டைச் செயலிகளும் இந்த வழக்கத்தைக் கைவிட்டன. வாட்ஸ்அப்பில் இருப்பவர் டெலிகிராமில் இருப்பவருக்குச் செய்தி அனுப்ப முடியாது.

இதற்கு மாற்றாக, அரட்டைக்கு ஜாபர் (1999, பின்னாளில் எக்ஸ்எம்பிபி), சமூக வலைத்தளங்களுக்கு டயஸ்போரா (2010), மாஸ்டடான் (2016) ஆகியவை எழுந்தன. மாஸ்டடான் பயன்படுத்தும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018இல் ஏற்றது. பெர்னர்ஸ்-லீயின் சாலிட் திட்டத்தில் தரவு பயனரின் சொந்தப் பெட்டகத்தில் இருக்கும். செயலிகள் அனுமதி கேட்டே அதைத் தொட முடியும்.

இந்தியாவில்

2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து இந்தியர் பலர் மாஸ்டடானுக்குப் பெயர்ந்தனர். இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகம், பாடரி என்ற பெயரில் டயஸ்போரா, எக்ஸ்எம்பிபி சேவைகளை நடத்தியது. அதையொட்டிப் பிறந்த பிராவ் செயலியில் தொலைபேசி எண்ணைக் கொடுத்துச் சேரலாம். வேறு எக்ஸ்எம்பிபி சேவையகத்தில் உள்ளவரோடும் பேசலாம். பயனர்களே உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கமாகப் பிராவை நடத்துவதே நோக்கம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில்

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் தரவுக் குவிப்பையும் அதற்கு மாற்றான பேச்சையும் ஒருங்கே காணலாம். மாமல்லபுரம் செல்லும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய சிறுசேரி சிப்காட்டில் தரவு மையங்கள் இயங்குகின்றன. ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரி அருகே மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் வளாகம் உள்ளது. அந்நிறுவனத்தின் ‘அரட்டை’ என்ற செயலி, வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை மாற்றம் சர்ச்சையான 2021 ஜனவரியில் வெளிவந்தது. 2025 செப்டம்பர் இறுதியில், மூன்றே நாளில், அதில் அன்றாடம் புதிதாகச் சேர்வோர் எண்ணிக்கை 3,000இலிருந்து 3.5 லட்சமாக ஏறியதாக ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். யுபிஐ, மின்னஞ்சல் போல அரட்டைச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்ற அவர், இதற்கான பொது நெறிமுறை குறித்து மென்பொருள் துறைசார் ஐஸ்பிரிட் அமைப்புடன் பேசிவருவதாகவும் கூறினார். எனினும் அச்சமயம் அரட்டையும் ஒரே நிறுவனத்தின் சேவையகங்களையே நம்பியிருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் 2025 நவம்பரில்தான் வந்தது.

குறைகள்

சேவையகம் நடத்தப் பணமும் ஆளும் வேண்டும். எரிதங்களையும் அவதூறுகளையும் களைவது ஒவ்வொரு நடத்துநரின் தலையிலும் விழுகிறது. இதனால் கூட்டம் மீண்டும் சில பெரிய சேவையகங்களிலேயே சேர்கிறது; மின்னஞ்சலிலும் இதுவே நடந்தது.

சட்டம்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இன் எண்முறை தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் தரவைப் பற்றிய விவரம் பெறவும் திருத்தவும் அழிக்கவும் பயனருக்கு உரிமை தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை, 2019இன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இருந்தது. 2023 சட்டத்தில் இல்லை.