கோவிவன் என்றொரு நாய்: காவலுக்கு நாய் தேடுறவங்களுக்கு ஒரு பழைய கதை



போன மாசி மாசம் நம்ம கொல்லையில நாலு வெள்ளாடு திருட்டுப் போச்சு. பட்டிப் படலை அவிழ்த்து, சத்தமே இல்லாம ஓட்டிக்கிட்டுப் போயிருக்கானுங்க. பத்தடி தள்ளி எங்க நாய் படுத்திருந்தது. சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு, ராஜபாளையம் ஜாதி. விடிகாலையில நான் காலிப் பட்டியைப் பார்த்துத் தலையில கை வச்சு நின்னப்பவும் அது தூங்கிக்கிட்டுதான் இருந்தது. பக்கத்துல போய்த் தரையைக் காலால தட்டினதும் துள்ளி எழுந்து வாலை ஆட்டிச்சு.

அப்பதான் அம்மா கேட்டாங்க: "ஏன்டா, அதுக்குக் காது கேக்குதாடா? நான் கூப்பிட்டு ஒருநாளும் அது திரும்பினதில்லையே."

கேக்கலை. கால்நடை டாக்டர் பார்த்துட்டு, பிறவியிலேயே செவிடுன்னு சொல்லிட்டார். பகல்ல ஆளைக் கண்டா குரைக்கும், வாசனை பிடிச்சா எழுந்திருக்கும். அதனால ரெண்டு வருஷமா எனக்குத் தெரியவே இல்லை. வித்தவன் சொல்லலை, நானும் சோதிக்கலை. பணம் போனது, ஆடு போனதைக்கூடத் தாங்கிக்கலாம். மாட்டை விட்டு வர மாட்டேன்னு அம்மா கொல்லை வீட்டுலயே தனியா படுக்கிறவங்க. அவங்களுக்குக் காவல் இருக்குன்னு நம்பி நான் ஊருக்குள்ள நிம்மதியா தூங்கினேனே, அதுதான் மனசை அறுத்தது.

"ராட்வீலர் வாங்கலாம்ப்பா" என்றான் பையன். சரி, இந்தத் தடவை அவசரப்படக் கூடாதுன்னு, நாய்களோட பழைய கதையை கொஞ்சம் தேடிப் படிச்சேன். படிச்சதுல எனக்குப் புரிஞ்ச ஒரே விஷயத்தைத்தான் இங்கே எழுதப்போறேன்.

எருமைக்காரனும் அவன் நாயும்

தேடினா, முதல் சாட்சி எங்க பக்கத்துலயே இருக்கு. தண்டராம்பட்டு வட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல். எங்க பக்கத்துல நடுகல்லை எல்லாம் வேடியப்பன்னு கும்பிடுறது வழக்கம். பொங்கல் வைப்போம், கெடா வெட்டுவோம், கல்லுல என்ன எழுதியிருக்குன்னு யாரும் கேட்டதில்லை. தொல்லியல் துறை இந்தப் பக்கத்துக் கற்களைப் படிச்சு, 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமாகவே போட்டிருக்கிறது.

எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, ஏறக்குறைய 1400 வருஷம். வட்டெழுத்தில் இருக்கும் அந்தச் சேதி இதுதான்: கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான். அவனோடு இருந்த கோவிவன் என்ற நாய் கள்ளனைக் கடித்துக் காவல் காத்தது. வீரனோடு அந்த நாயையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

இதைப் படிச்சதும் என் நாலு ஆடுதான் ஞாபகம் வந்தது. அப்பவும் கள்ளன் வந்தது கால்நடைக்குத்தான், இப்பவும் கால்நடைக்குத்தான். கல்லுல பாருங்க, நாய்க்குப் பேர் இருக்கு, அது செஞ்ச வேலை இருக்கு. அது என்ன நிறம், என்ன ஜாதின்னு ஒரு எழுத்துகூட இல்லை. வெட்டினவங்களுக்கு அது தேவைப்படலை.

இதே மாதிரி இன்னொரு கல் கர்நாடகத்துல மண்டியா பக்கம் ஆதகூர்ல கிடைச்சது. 949-ல் நம்ம அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்துல சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரிய சண்டை நடந்தது. சோழ இளவரசன் ராஜாதித்தன் அதில் இறந்தான். ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்க, அவன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, ரெண்டும் செத்தன. அதுக்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அந்தக் கல் இன்னைக்கும் பெங்களூரு அருங்காட்சியகத்துல இருக்கு.

வேலைதான் ஜாதியை உண்டாக்கிச்சு

சங்கப் பாட்டுகள்ல நாயை ஞமலி, ஞாளி என்பார்கள். வேட்டுவர், ஆயர் வீடுகள்ல அது கூடவே திரிஞ்ச பிராணி. அப்புறம் காலப்போக்குல ஒவ்வொரு மண்ணும் தன் வேலைக்கு ஏத்த நாயை உண்டாக்கிக்கிச்சு.

கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காடு வெட்டவெளி. முயல் ஓடினா ஒரு மைல் தூரம் தெரியும். அதைக் கண்ணால பார்த்துத் துரத்த ஒல்லி இடுப்பு, நீண்ட கால், கூர்த்த முகம் வேணும். அப்படி வந்ததுதான் சிப்பிப்பாறையும் கன்னியும். கன்னி கருப்பு உடம்பில் செம்பழுப்புப் புள்ளி போட்டது. ரெண்டும் ஓட்டத்துக்குப் பிறந்தவை.

கம்பம் பள்ளத்தாக்கில், மலை அடிவாரத்துக் கோம்பை. காட்டுப்பன்றி, சிறுத்தை என்று மலையிலிருந்து எது வேணும்னாலும் இறங்கும் இடம். அங்கே வளர்ந்தது செவலை நிறம், கருப்பு வாய், கெட்டியான தாடை. ஆள் பார்த்துப் பழகும், அந்நியனைச் சேர்க்காது.

ராஜபாளையம் நாய் பாளையக்காரர்கள் காலத்துல பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் இருந்தது. ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் இதைக் கூடவே கொண்டுவந்தாங்கன்னு சொல்றது வழக்கு. பாளையக்காரர் சண்டையில இந்த நாய்கள் வெள்ளைக்காரன் குதிரை லாயத்துல புகுந்ததாவும் ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, பன்றி முன்னால நின்ன நாய்க்குக் காது கேக்காம இருந்திருக்க முடியாது. கேக்காத நாய் முதல் வேட்டையிலேயே செத்திருக்கும், குட்டி போட்டிருக்காது.

வெளிநாட்டு நாயும் அப்படித்தான். என் பையன் கேட்ட ராட்வீலர், ஜெர்மனியில ராட்வைல் என்ற ஊர்க் கறிக்கடைக்காரர்கள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வச்சிருந்த நாய். டாபர்மேன், அபோல்டா என்ற ஊர்ல வரி வசூலிச்ச டாபர்மேன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உண்டாக்கினது. கையில பணத்தோட தெருத்தெருவாப் போறவருக்குத் துணைக்கு. நாம அல்சேஷன்னு சொல்ற ஜெர்மன் ஷெப்பர்டு, பேரிலேயே இருக்கு, ஆட்டுக்காரன் நாய். 1899-ல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி அதை ஒரு ஜாதியாப் பதிஞ்சு வளர்க்க ஆரம்பிச்சார்.

ஆக, எந்த ஊர்லயும் முதல்ல வேலை வந்தது. ஜாதி அதுக்குப் பின்னாலதான் வந்தது.

எப்ப தலைகீழாச்சு?

வெள்ளைக்காரன் காலத்துல வசதியான வீடுகள்ல சீமை நாய் வளர்க்கிறது கௌரவமாச்சு. நம்ம நாய்க்கு 'நாட்டு நாய்'னு பேர் வந்து, அது தெரு நாய்க்கு இன்னொரு பேர் மாதிரி ஆகிப்போச்சு. அப்புறம் 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். வேட்டைக்குத் தடை. காட்டுக்கு அது நல்லது, சந்தேகமே இல்லை. ஆனா வேட்டை நாய்க்கு அதோட வேலை போச்சு. வேலை போன நாயை எதுக்காக வளர்க்கிறது? ஒண்ணு கைவிடணும், இல்லைன்னா அழகுக்கு வளர்க்கணும். ரெண்டும் நடந்தது.

1978 வாக்கில் பார்வோ என்ற புதுக் கிருமி உலகம் பூரா பரவி, குட்டிகளை ரத்தக் கழிச்சலில் கொண்டுபோனது. நம்ம ஊரையும் அது விடலை. 80-களின் தொடக்கத்துல அரசாங்கம் சைதாப்பேட்டையில நாட்டு நாய் இனப்பெருக்க நிலையம் வச்சது. 2005-ல் ராஜபாளையம் தபால்தலையில வந்தது. 2017-ல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பத்தித் தனிப் புத்தகமே எழுதினார். 2020 ஆகஸ்டுல பிரதமர் வானொலியில ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொல்லிப் பேசினார். நல்லதுதான். ஆனா பேர் பரவினதும் விலையும் ஏறிச்சு. வாங்குறவன் கேட்டது என்ன? 'சுத்த வெள்ளையா இருக்கா, மூக்கு ரோஸா இருக்கா?' என்னை மாதிரி.

அந்த வெள்ளைக்குத்தான் விலை கொடுக்கிறோம் என்று டாக்டர் விளக்கினார். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களேதான் உள்காதுக்குள்ளும் இருக்கணுமாம். அங்கே அது இல்லைன்னா, குட்டி பிறந்து சில வாரத்துல கேக்குற நரம்பு முனைகள் பட்டுப்போகும். டால்மேஷன் நாய்லயும் இதே கோளாறு உண்டு. எல்லா வெள்ளை நாயும் செவிடு இல்லை. ஆனா வெள்ளைக்கு வெள்ளை, அதுவும் நெருங்கின உறவுக்குள்ளேயே சேர்த்துக்கிட்டே போனா, செவிடு கூடிக்கிட்டே போகும். பன்றி வேட்டை கழிச்சுக் கட்டின குறையை நாம காசு கொடுத்து வளர்க்கிறோம்.

நான் படிச்சதோட சாரம் இதுதாங்க. நம்ம பாட்டன்மார் வேலையைப் பார்த்து நாயைத் தேர்ந்தாங்க, நாம நாயைப் பார்த்துட்டு வேலையைத் தேடுறோம்.

அப்ப எதை வாங்குறது?

முதல்ல உங்க வீட்டுல என்ன வேலைன்னு கேளுங்க. ஆள் வந்தா எழுப்பிவிட்டா போதுமா, இல்ல எதிர்த்து நிக்கணுமா? பெரும்பாலான வீட்டுக்கு எழுப்புற நாய் போதும். சத்தம் கேட்டாலே பாதிக் கள்ளன் போயிடுவான். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட இடமில்லாத வீட்டுல வாடிப்போகும். கோம்பைக்குக் கையாளத் தெரிஞ்ச ஆள் வேணும். ராட்வீலர் மாதிரி பெரிய நாய் வயசானவங்க தனியா இருக்கிற இடத்துக்கு ஆகாது, பிடிச்சு நிறுத்த அவங்களுக்குத் தெம்பு இருக்காது. 2024 மே மாசம் சென்னையில மாநகராட்சிப் பூங்காவுல அஞ்சு வயசுக் குழந்தையை ரெண்டு ராட்வீலர் கடிச்சது ஞாபகம் இருக்குமே.

குட்டியைத் தனியா பார்க்காதீங்க, தாயைப் பாருங்க. தாய் எப்படியோ குட்டி பெரும்பாலும் அப்படித்தான். ரெண்டு மாசம் ஆகாம தாயை விட்டுப் பிரிக்காதீங்க. பெட்டைன்னு ஒதுக்காதீங்க, காவலுக்குப் பெட்டை ஒண்ணும் குறைஞ்சதில்லை.

குட்டி தூங்கும்போது பின்னால நின்னு, காத்து படாம, தரை அதிராம ஒரு சாவிக்கொத்தைக் குலுக்குங்க. காது அசையணும். இந்த அரை நிமிஷச் சோதனையைச் செய்யாததாலதான் எனக்கு நாலு ஆடு போச்சு.

பகல் பூரா சங்கிலியில கட்டாதீங்க. கட்டின நாய் வெறுப்புலதான் குரைக்கும், கடைசியில நம்ம வீட்டுப் பிள்ளையையே கடிக்கும். தடுப்பூசியை விட்டுடாதீங்க. தென்னாட்டுல வெறிநாய்க்கடிக்கு மருந்து தர குன்னூர்ல பாஸ்டர் நிலையம் வந்ததே 1907-லதான், அதுக்கு முன்னால வடக்கே கசௌலி வரைக்கும் போகணும். இன்னைக்கு அரசு மருத்துவமனையிலேயே ஊசி இருக்கு. எந்த நாய் கடிச்சாலும் உடனே சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு ஊசிக்குக் கிளம்பிடுங்க.

நான் என்ன வாங்கினேன்னு கேப்பீங்க. ஒண்ணும் வாங்கலை. வருஷா வருஷம் நம்ம கழனியில கிடை போடுற ஆட்டுக்காரர்கிட்ட ஒரு பெட்டை நாய் இருக்கு. பேர் தெரியாத ஜாதி, சாம்பல் நிறம். நூறு ஆட்டுக்கு நடுவுல படுத்துக்கிட்டு, வரப்புல எலி ஓடினாலும் தலையைத் தூக்கும். அதோட குட்டி ஒண்ணைக் கேட்டேன். "நீ சோறு போடுவியான்னு பார்த்துட்டுத் தரேன்" என்றார் அந்தப் பெரியவர். நாம நாயைத் தேர்றது ஒருபக்கம், அவர் என்னைத் தேர்ந்தார். ஒரு வாரம் கழிச்சுதான் கொடுத்தார். குலுக்குறதுக்குச் சாவியை எடுத்தப்பவே குட்டி திரும்பிடுச்சு.

வெள்ளையனை விரட்டலை. அது என்ன பண்ணும் பாவம், அதோட குறைக்குக் காரணம் எங்களை மாதிரி ஆளுங்க ஆசைதானே. அது இப்ப குட்டிக்குப் பக்கத்துலதான் படுக்குது. ராத்திரி குட்டி விறைச்சு எழுந்தா, அந்த அசைவுல அதுவும் எழுந்துடுது. ரெண்டும் சேர்ந்து நிக்குதுங்கன்னு அம்மா சொல்றாங்க.

குட்டிக்கு அம்மா வச்ச பேர் கோவி. நான் சொன்ன கல்லுக் கதையைக் கேட்டுட்டு வச்சாங்க.

உங்க ஊர் எல்லையிலயும் நாய் செதுக்கின கல் ஏதாவது இருந்தா, மஞ்சளைத் துடைச்சு ஒருதரம் உத்துப் பாருங்க. இருந்தா எனக்கும் சொல்லுங்க, வந்து பார்க்கணும்.