தாயின் மீது விழுந்த பழி

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் தாய், உறவினர் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்க நேரும் சொற்கள் உண்டு. "நீ பிள்ளையோடு பேசியிருந்தால் அவனும் பேசியிருப்பான்", "கையில் செல்போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்பன அவற்றுட் சில. இத்தகைய பழியை ஒரு காலத்தில் மருத்துவ அறிஞர்களே சுமத்தினர் என்பதும், அதைத் துடைத்தெறிந்தவர்களில் பெற்றோரே முன்னின்றனர் என்பதும் நம்மில் பலர் அறியாத வரலாறு.

1943-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய மனநல மருத்துவர் லியோ கன்னர், 11 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் நிலைபெற அவ்வுரையே வழிவகுத்தது. அதில் முதலாவதாக இடம்பெற்றவர் மிசிசிப்பி மாநிலத்துச் சிறுவன் டொனால்ட். அவனுடைய தந்தை மகனின் இயல்புகளை 33 பக்கங்களில் எழுதி அனுப்பியிருந்தார். ஒரு தந்தையின் உற்றுநோக்கல் மருத்துவருக்கு ஆதாரமாயிற்று.

இந்நிலை பிறவியிலேயே அமைவது என்று அவ்வுரையில் கருதிய கன்னர், பெற்றோரிடம் கனிவு குறைந்திருப்பதாகவும் எழுதினார். 1949-இல், இப்பிள்ளைகள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்களைப் போன்றவர்கள் என்றார். இதிலிருந்தே 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்னும் கொடுஞ்சொல் பரவியது. சிகாகோவைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் இப்பழியை மேலும் பரப்பியது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை எனக் கருதப்பட்டது. இரவெல்லாம் உறங்காத பிள்ளையோடு விழித்திருந்த தாயே குற்றவாளியாக நிறுத்தப்பட்டாள்.

இதனை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் பெர்னார்ட் ரிம்லண்ட். உளவியலாளரான அவர், ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தை. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் படித்து, ஆட்டிசத்தின் வேர் உடலியலில் உள்ளது, வளர்ப்பில் இல்லை என 1964-இல் நூல் எழுதினார். மறு ஆண்டே அமெரிக்கப் பெற்றோரை ஒன்றுசேர்த்துச் சங்கம் தொடங்கினார். அதற்கு முன்பே, 1962-இல், இங்கிலாந்தில் பெற்றோர் சங்கம் தோன்றியிருந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான மருத்துவர் லோர்னா விங்கும் ஆட்டிசம் உள்ள மகளின் தாயே.

1969-இல் பெற்றோர் நிறைந்த அவையில் நின்று, அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகக் கன்னரே அறிவித்தார். 1977-இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்த சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும், மரபணுவுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதற்குச் சான்று தந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட அவ்வாறில்லை.

டொனால்ட் என்ன ஆனார்? மூன்று வயதில் மருத்துவர்களின் அறிவுரைப்படி விடுதியில் விடப்பட்ட அவரைப் பெற்றோர் ஏறத்தாழ ஓராண்டில் வீட்டிற்கே மீட்டு வந்தனர். அவர் கல்லூரியில் பயின்றார், ஊரிலுள்ள வங்கியில் பணியாற்றினார், அறிந்த மக்களிடையே வாழ்ந்து 2023-இல் தம் 89-ஆம் வயதில் மறைந்தார். எல்லாப் பிள்ளைகளும் இவ்வளவு தூரம் செல்வர் என்று எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும் அவரை ஏற்றுக்கொண்ட குடும்பமும் ஊரும் அவ்வாழ்வில் பெரும் பங்கு வகித்தன.

நம் நாட்டிலும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 18 வயதைக் கடந்த பின்னும் துணை தேவைப்படுவோர்க்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க வழிசெய்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுள்ளது. "எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?" என்று கலங்கும் பெற்றோர் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

பிள்ளை இறைவன் தந்த அமானிதம் என்று நாம் சொல்கிறோம். அந்த அமானிதத்தைச் சுமக்கும் தாயிடம் காரணம் கேட்பதை விடுத்து, ஒரு மாலைப்பொழுதேனும் அப்பிள்ளையை நாம் பார்த்துக்கொண்டு அவளைச் சற்று ஓய்வெடுக்கச் செய்வோம்.