குளக்கட்டும் கீழ்வாழ்வோர் உயிரும்

அணை பெரிதாயின் அபாயம் பெரிது, சிறிதாயின் அபாயமும் சிறிது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். வரலாறோ இதனை உறுதிசெய்யவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. இங்குள்ள குளங்கள் பெரும்பாலும் தாழ்நிலங்களில் மழைநீரைத் தேக்குபவை. அவை உடைந்து ஊரை அழித்தல் அரிது. ஆனையிறவைக் கடந்து வன்னியுட் புகின் நிலை வேறாகும். அங்கு உயர்ந்த மண்கட்டுக்களே நீரைத் தாங்குகின்றன. அவற்றின் கீழே வயல்களும் குடிமனைகளும் உள. ஆகவே, கட்டினைக் காக்கும் கடமை யாருடையது என்னும் வினா நம்மவர்க்குப் புதியதன்று.

முற்காலத்தில் கமக்காரர் தத்தம் காணிப் பங்கிற்கேற்பக் கட்டின் ஒவ்வொரு பகுதியைப் பேணினர். 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியமை நன்றே. ஆயினும், குளப்பணியை வலியுறுத்தும் அதிகாரமும் அதனோடு தளர்ந்தது என்பர். 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழக்காறுகளுக்கு மீண்டும் வலுவளிக்க நேர்ந்தது.

கடமை தளரின் விளைவு யாதென்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து நிகழ்ச்சியொன்று சான்றாகும். அங்குத் தொக்கோவா என்னும் ஊரருகே கெல்லி பார்ன்ஸ் என்ற மண்ணணை இருந்தது. உயரம் ஏறத்தாழ 40 அடி. உரிமை தனியார் சமயக் கல்லூரி ஒன்றினுடையது. மின்னாக்கத்திற்குப் பயன்பட்ட அவ்வணையில் 1957 இல் அப்பணி நின்றது. தேக்கிய நீர் மட்டும் எஞ்சியது. 1977 நவம்பர் 6 ஆம் நாள் நள்ளிரவின் பின், பெருமழையிடை அணை உடைந்து 39 பேர் மாண்டனர். அணைகளைப் பரிசோதிக்கும் சட்டம் 1972 இலேயே இயற்றப்பட்டிருந்தது. அதற்குரிய பரிசோதனைகள் இவ்வழிவின் பின்னரே சனாதிபதி கார்ட்டரின் பணிப்பால் முனைப்புடன் தொடங்கின.

அந்நாட்டு முறையில் இரண்டு அளவைகள் வேறுபடுத்தப்படுகின்றன. ஒன்று அணையின் நிலை, மற்றையது அபாயத்தரம். அபாயத்தரம் கட்டின் உறுதியைக் கூறுவதன்று. உடைந்தால் கீழே யாருக்கு என்ன நேரும் என்பதையே கூறுவது. உயிரிழப்பு நேரக்கூடுமாயின், உறுதியான சிற்றணையும் உயர் அபாயத்தரம் பெறும். வெற்று நிலத்தில் நாளை குடியேற்றம் எழுமாயின், கட்டு ஓரங்குலமும் மாறாதிருக்க, அதன் தரம் மாறிவிடும்.

நம் நாட்டின் பாடம் கந்தளாய். மரபு குளக்கோட்டனோடு தொடர்புபடுத்தும் அப்பெருங்குளத்தின் கட்டு, 1986 ஏப்பிரல் 20 ஆம் நாள் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2008 இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய அணைப் பாதுகாப்புத் திட்டம் பேரணைகளையே முதன்மையாக நோக்கியது. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த நிலத்திற்கு நீரூட்டும் சிறுகுளங்களோ கமநல அபிவிருத்தித் திணைக்களத்தினதும் கமக்காரர் அமைப்புக்களினதும் பொறுப்பில் உள்ளன.

சிறுகுளம் ஒவ்வொன்றின் கீழும் எத்தனை குடிகள் வாழ்கின்றன என்று எண்ணுதல் பெருஞ்செலவு வேண்டும் பணியன்று. கட்டின் உரிமை ஒருவருடையதாகலாம், ஊருடையதாகலாம். உடைப்பின் துன்பம் கீழே வாழ்வோருடையது. பாதுகாப்புக் கணக்கு அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.