தீக்கல் கைத்துப்பாக்கியும் வரலாற்றுச் சான்றும்

பழம்பொருள் தொகுப்போர் பெரிதும் விரும்பித் தேடுவனவற்றுள் அமெரிக்கத் தீக்கல் கைத்துப்பாக்கியும் ஒன்று. அதன் மெய்ம்மையை அறியுமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

தீக்கல் எஃகில் உராய, எழும் பொறி சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றும். அத்தீ குழலின் பக்கத்துளை வழியே உட்புகுந்து குண்டைச் செலுத்தும். கனெக்டிகட்டைச் சார்ந்த சிமியன் நார்த் என்பார் 1799-இல் அரசிற்கு 500 கைத்துப்பாக்கிகள் செய்துதர உடன்பட்டார். அந்நாள் வர்ஜீனியாவிலிருந்த ஹார்ப்பர்ஸ் பெரி படைக்கலச் சாலையில் 1806 முதல் 1808 வரை ஏறத்தாழ 4,000 செய்யப்பெற்றன. நார்த் 1813-இல் ஏற்ற ஒப்பந்தமோ 20,000 துப்பாக்கிகளில் ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற்கும் பொருந்துதல் வேண்டும் என விதித்தது. 1836-ஆம் ஆண்டு அமைப்பே அரசின் இறுதித் தீக்கல் வகையாகும்.

பின்னர்ச் செப்பு வெடிமூடி வழக்கிற்கு வரவே, பழந்துப்பாக்கிகள் பலவற்றில் கிண்ணம் நீக்கப்பெற்றது, சுத்தியும் மாற்றப்பெற்றது. இக்காலத்துச் சிலர் விலைமிகுதி கருதி அவற்றை மீண்டும் தீக்கல் வடிவாக்குவர். துளையருகே தீ அரித்த வடுவும் புதிய உறுப்புகளின் வழவழப்பும் தம்முள் ஒவ்வாமை அதனைப் புலப்படுத்தும்.

ஏட்டில் சிதைந்த இடத்தைத் தாமே நிரப்பி, அதனைப் பழம்பாடம் எனக் காட்டுதலை இஃது ஒக்கும். மாற்றமும் வரலாறே. ஆகலின், வெடிமூடிக்கு மாற்றப்பெற்று அவ்வாறே எஞ்சிய துப்பாக்கி, புதுக்கி மறைத்ததினும் சிறந்த சான்றாம் என்பது எம் துணிபு.