சாலையும் சோதனைச் சாவடியும்: இணையத்தை நம்பிய கேம் கன்சோல்களின் வரலாறு

2013 ஜூன் 6 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம், அவ்வாண்டின் இறுதியில் வெளிவரவிருந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் கேம் கன்சோலுக்கான விதிகளை அறிவித்தது. அக்கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் இணையத்தின் வழியே நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டாக வேண்டும். பிறர் வீட்டுக் கருவியில் தம் கணக்கைத் திறந்து விளையாடுவோருக்கு அந்தக் கெடு 1 மணி நேரம். கெடு தவறினால், மீண்டும் இணைப்புக் கிடைக்கும்வரை எந்த விளையாட்டும் இயங்காது. காசு கொடுத்து வாங்கிய வட்டு கருவிக்குள்ளேயே இருந்தாலும் இயங்காது. தனியொருவராக ஆடும் ஆட்டமாயினும் இயங்காது. ஆனால் தொலைக்காட்சி பார்க்கலாம்; டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் உள்ள திரைப்படங்களைப் பார்க்கலாம்.

இந்தக் கடைசி விதிவிலக்கு கூர்ந்து நோக்கத்தக்கது. கருவி ஒன்றே; வட்டு நுழையும் வாயும் ஒன்றே. திரைப்பட வட்டு எவரையும் கேளாமல் ஓடும். விளையாட்டு வட்டு மட்டும் தொலைவில் உள்ள ஒரு சர்வரின் ஒப்புதல் பெற்றே ஓடும். அப்படியானால் இணையம் அங்கே தொழில்நுட்பத் தேவையாக இருக்கவில்லை, அனுமதியாக இருந்தது.

கன்சோலுக்கும் கம்பிவழித் தொடர்புக்குமான உறவு 40 ஆண்டு கடந்தது. அதில் இரண்டு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, இணைப்பு என்பது சாலை: விளையாட்டு வந்து சேரவும், மனிதர் மனிதரைச் சந்திக்கவும் உதவுவது. மற்றொன்று, இணைப்பு என்பது சோதனைச் சாவடி: உங்கள் கையில் இருக்கும் பொருளை நீங்கள் பயன்படுத்தலாமா என்று கேட்டு நிறுத்துவது. முன்னதன் பெயரால் பின்னது எவ்வாறு வந்து அமர்ந்தது என்பதே இப்பதிவின் பொருள்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1983இல் அமெரிக்காவில் கன்ட்ரோல் வீடியோ கார்ப்பரேஷன் என்னும் சிறு நிறுவனம், அட்டாரி 2600 கருவிக்காக கேம்லைன் என்ற சேவையைத் தொடங்கியது. கேட்ரிட்ஜ் செருகும் இடத்தில் அந்நிறுவனத்தின் பெட்டியைச் செருகித் தொலைபேசிக் கம்பியோடு இணைத்தால், சிறு கட்டணத்துக்கு ஒரு விளையாட்டு இறங்கும். அதைச் சில முறை ஆடலாம். அதன்பின் மீண்டும் தொலைபேசியில் அழைத்துக் கட்டணம் செலுத்த வேண்டும். அவ்வாண்டில் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தபோது கேம்லைனும் வீழ்ந்தது. ஆனால் அதன் எச்சங்களிலிருந்து எழுந்த நிறுவனமே பின்னாளில் அமெரிக்கா ஆன்லைன் என்று பெயர் பெற்றது. இணையத்தை லட்சக்கணக்கான அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டு சேர்த்த ஒரு பெரும் நிறுவனத்தின் மூலவேர், விளையாட்டுகளை வாடகைக்கு விட்ட ஒரு பெட்டி என்பது வரலாற்றின் சுவையான முரண்.

1994இன் இறுதியில் வந்த சேகா சேனல், கேபிள் டிவி இணைப்பின் வழியே மாதத்துக்கு 50 விளையாட்டுகள் வரை வழங்கியது. கருவியை அணைத்தால் இறங்கிய விளையாட்டு நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். ஜப்பானில் நின்டெண்டோ 1995இல் தொடங்கிய சாட்டிலாவியூ, செயற்கைக்கோள் ஒலிபரப்பின் வழியே விளையாட்டுகளை அனுப்பியது. அவற்றுள் சிலவற்றைக் குறித்த நாளில், குறித்த மணியில், நேரடிக் குரல் ஒலிபரப்போடு சேர்த்தே ஆட முடியும். வானொலி நாடகம் போல, நேரம் தவறினால் போயிற்று. 2000ஆம் ஆண்டில் அச்சேவை நின்றது. வீடுகளில் எஞ்சிய நினைவகப் பேழைகளிலிருந்து ஆர்வலர்கள் விளையாட்டுகளின் பகுதிகளை மீட்டனர்; உடன் வந்த குரல்களில் பெரும்பகுதியை மீட்க முடியவில்லை.

இம்மூன்றும் நிலையற்றவையே. எனினும் இவற்றைக் குறித்து எவரும் ஏமாற்றப்பட்டதாகக் கூறவில்லை. வாடகை வாடகையாகவும், ஒலிபரப்பு ஒலிபரப்பாகவுமே விற்கப்பட்டன. நம் ஊரில் 'கேசட்' என்று அழைக்கப்பட்ட கேட்ரிட்ஜோ அக்காலத்தில் முழுமையான உடைமையாக இருந்தது. அதை நண்பனுக்குக் கொடுக்கலாம். பழைய விலைக்கு விற்கலாம். 20 ஆண்டு கழித்து எடுத்துத் தூசி தட்டிச் செருகலாம். இரவல் எது, உடைமை எது என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

1998இல் ஜப்பானில் வெளியான சேகா ட்ரீம்காஸ்ட், கருவியோடு மோடத்தையும் சேர்த்தே தந்தது. 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியது. இது சாலையின் பொற்காலம். வெவ்வேறு நகரங்களில் இருந்தோர் ஒரே ஆட்டத்தில் சந்தித்தனர். ஆட்டம் முடிந்தும் பேசிக்கொண்டிருந்தனர். முதல் எக்ஸ்பாக்ஸுக்கான சேவை 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டபோது, ஹேலோ 2 ஆடிக்கொண்டிருந்த சிலர் கருவியை அணைக்க மறுத்தனர். புதிதாக எவரும் நுழைய இயலாது. ஆனால் உள்ளே இருப்பவர் இணைப்பைத் துண்டிக்காதவரை ஆட்டம் தொடரும். கருவிகள் சூடேறி, இணைப்புகள் அறுந்து ஒவ்வொருவராக உதிர, மே மாதத்தில்தான் கடைசி ஆட்டக்காரர் வெளியேறினார். சாலை மூடப்பட்டதில் அவர்களுக்கு நேர்ந்த இழப்பு உண்மையானது. எனினும் அதே வட்டைச் செருகித் தனியாக ஆட எவரும் தடை செய்யவில்லை.

சாவடியின் முதல் அடையாளங்கள் அக்காலத்திலேயே தென்பட்டன. 2010 மார்ச் 1 அன்று, உலகெங்கும் சோனியின் ப்ளேஸ்டேஷன் 3 கருவிகளுள் பழைய மாடல்கள் செயலிழந்தன. உள்ளிருந்த கடிகாரம் 2010ஐ லீப் ஆண்டாகக் கருதியதே காரணம். நாள் பிழைபட்டதால் கருவி வலையமைப்பில் நுழைய முடியவில்லை. அதோடு நில்லாமல், இணையமே தேவைப்படாத பல விளையாட்டுகளும் திறக்க மறுத்தன. ஏறத்தாழ ஒரு நாளில் சிக்கல் தானே தீர்ந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ப்ளேஸ்டேஷன் வலையமைப்பு ஊடுருவப்பட்டு, 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்குள்ளாயின. ஏப்ரல் 20 முதல் மூன்று வாரங்களுக்கு மேல் சேவை இல்லை. பலர் கூடி ஆடும் விளையாட்டுகள் நின்றது இயல்பு. ஆனால் ஒருவரே ஆடும் சில விளையாட்டுகளும் நின்றன. ஒவ்வொரு முறையும் கணக்கைச் சரிபார்த்தே திறக்குமாறு அவை எழுதப்பட்டிருந்தன.

இந்தப் பின்னணியில்தான் 2013ஐக் காண வேண்டும். மைக்ரோசாஃப்ட் பக்கம் நியாயமே இல்லை என்று கூற இயலாது. வட்டில்லாமலே விளையாட்டைத் திறக்கலாம், குடும்பத்தார் பத்துப் பேரோடு நூலகத்தைப் பகிரலாம் என்ற வசதிகளும் அதே அறிவிப்பில் இருந்தன. வட்டைக் கருவியில் பதிந்துவிட்டு வேறொருவருக்கு விற்றுவிடுவதைத் தடுக்க ஏதேனும் ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்த ஏற்பாட்டில் எல்லாரும் அடங்கவில்லை. தொடக்கத்தில் சேவை கிடைக்கும் என அறிவிக்கப்பட்டவை 21 நாடுகள். அப்பட்டியலில் இந்தியா இல்லை, ஜப்பானும் இல்லை, போலந்தும் இல்லை. அவ்வாண்டு ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட் தன் மேடையில் பெருமையோடு காட்டிய விளையாட்டுகளுள் ஒன்று தி விட்சர் 3. அதை உருவாக்கியது போலந்து நிறுவனம். தாம் ஆக்கிய விளையாட்டைத் தம் நாட்டிலேயே அக்கருவியில் ஆட முடியாத நிலை அவர்களுக்கு.

இணைப்பு இல்லாதவர் என்ன செய்வது என்று வினவப்பட்டபோது, மைக்ரோசாஃப்டின் கன்சோல் பிரிவுத் தலைவர் டான் மாட்ரிக், அத்தகையோருக்கென எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கருவி தம்மிடம் உண்டு என்று விடையளித்தார். அது 2005இல் வெளியான பழைய கருவி. புதிய கருவி வேண்டுமானால் இணைப்போடு வருக, இல்லையேல் பழையதோடு அமைக என்பதே அதன் பொருள். கடலில் பணிபுரிவோர், படைவீரர், மலைச்சிற்றூர் வாசிகள் எனப் பலர் கொதித்தெழுந்தனர். ஜூன் 10 அன்று சோனியின் மேடையில், ப்ளேஸ்டேஷன் 4க்கு அத்தகைய கட்டாயம் இல்லை, பழைய வட்டுகளை விற்கவும் கொடுக்கவும் தடையில்லை என்று அறிவித்தபோது அரங்கம் ஆரவாரித்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் 24 மணி நேரக் கெடுவைக் கைவிட்டது. குடும்பப் பகிர்வு வசதியும் உடன் போயிற்று.

வழக்கமாகக் கதை இங்கே முடிக்கப்படும்: மக்கள் எழுந்தனர், நிறுவனம் பணிந்தது. ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை. முன்வாசலில் மறுக்கப்பட்டது, கொல்லைப்புறமாகச் சிறிது சிறிதாக உள்ளே வந்தது.

2019இல் வட்டு நுழையும் வாயே இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் மாடல் வெளியானது; 2020இல் ப்ளேஸ்டேஷன் 5இன் வட்டில்லா மாடல். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் கருவியில் எக்ஸ்பாக்ஸ் ஒன் வட்டைச் செருகினால் முதன்முறை இணையத்தில் சரிபார்க்க வேண்டியிருந்தது. 2022இல்தான் அந்தத் தேவை நீக்கப்பட்டது. 2021இல் பழம்பொருள் காப்பில் ஆர்வமுள்ளோர் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தனர். ப்ளேஸ்டேஷன் 4இன் உள்ளே கடிகாரத்துக்கென இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, இணைய இணைப்பும் இல்லாதிருந்தால், வட்டிலுள்ள விளையாட்டும் இயங்காது. விளையாட்டில் பெறும் கோப்பைகளுக்குச் சரியான நாள் வேண்டும் என்பதே காரணம் எனக் கருதப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த மென்பொருள் புதுப்பிப்பு அதைச் சரிசெய்தது. 2013இல் கைதட்டல் பெற்ற அதே கருவிக்குள் இப்படி ஒரு சாவடி எட்டாண்டு உறங்கிக் கிடந்திருக்கிறது. 2023இல் வந்த மெலிந்த ப்ளேஸ்டேஷன் 5க்குத் தனியே விற்கப்படும் வட்டுச் செருகியைப் பொருத்தும்போது ஒருமுறை இணையம் தேவை. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கான சில அட்டைகளில் விளையாட்டே இல்லை; சாவி மட்டுமே இருக்கிறது. விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறிது, விளக்கமும் உண்டு. விளையாட்டுகளின் கொள்ளளவு பெருகிவிட்டது, பிழை திருத்தப் புதுப்பிப்பு வேண்டும், திருட்டுப் படியைத் தடுக்க வேண்டும். எல்லாம் மெய்யே. ஆனால் 2013இல் மொத்தமாகக் கேட்டபோது மறுத்தவர்கள், தவணையில் கேட்டபோது தந்துவிட்டார்கள்.

இதன் இறுதி விளைவைக் காட்டியது தி க்ரூ என்னும் கார்ப் பந்தய விளையாட்டு. 2014இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட இதன் பெரும்பகுதியைத் தனியாகவே ஆடலாம். ஆனால் எப்போதும் சர்வரோடு தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. வட்டு வைத்திருந்தவருக்கு மிஞ்சியது பளபளக்கும் ஒரு நெகிழித் துண்டு. இந்நிகழ்வே, விளையாட்டுகளை இவ்வாறு கொல்லாதீர் என்னும் இயக்கத்துக்கு வித்திட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவ்வியக்கத்தின் மனுவுக்கு 2025இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. சேவையை என்றென்றும் நடத்துக என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது ஆடத்தக்க நிலையில் விட்டுச் செல்க என்பதே கோரிக்கை.

மொழியியல் படித்தவள் என்ற முறையில் என்னை ஈர்த்தது, 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டம். அது நிறுவனங்களின் கருவியையோ சர்வரையோ தொடவில்லை; ஒரு சொல்லைத் தொட்டது. திரும்பப் பெறத்தக்க உரிமத்தை மட்டும் தருபவர், அதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்ற பொருள்படும் சொல்லைப் பொத்தானில் இடக்கூடாது என்கிறது அச்சட்டம். இணையமின்றிப் பயன்படுத்தும்படி நிலையாக இறக்கிக்கொள்ளத் தருபவருக்கு இக்கட்டுப்பாடு இல்லை. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது.

தமிழின் 'வாங்கு' இந்த இடத்தில் நுட்பமான சொல். அதன் அடிப்பொருள் 'பெற்றுக்கொள்' என்பதே. புத்தகம் வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம், இரவலும் வாங்குகிறோம், அடியும் வாங்குகிறோம். பெற்ற பொருள் நமதா பிறரதா என்பதை அவ்வினை தனியே சொல்வதில்லை. 'விலைக்கு', 'கடனாக', 'இரவலாக' என்ற முன்சொற்களே அதைச் சொல்கின்றன. கேம்லைன் காலத்தில் அந்த முன்சொல் பேசப்பட்டது. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் விலை அப்படியே நிற்க, முன்சொல் மட்டும் ஓசையின்றி நழுவிவிட்டது. விலைக்கு வாங்கியதாக எண்ணி இரவல் வாங்கிக்கொண்டிருக்கிறோம். கலிஃபோர்னியச் சட்டம் அந்த முன்சொல்லைத் திரும்பக் கேட்கிறது, அவ்வளவே. அது சாவடியை அகற்றாது. அங்கே சாவடி இருக்கிறது என்ற பலகையை மட்டும் நடும்.

பலகையும் சிறிதல்ல. இந்தியாவில் இணையத் தடை புதிதன்று. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட 4ஜி சேவை 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. அத்தகைய நாட்டில், ஒரு பிள்ளைக்காகப் பல மாதச் சேமிப்பைச் செலவிட்டுக் கன்சோல் எடுக்கும் பெற்றோருக்கு இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தாக வேண்டும்: கம்பியைப் பிடுங்கினால் இது ஆடுமா? விற்றவர் கடையை மூடினாலும் ஆடுமா? பெட்டியின் மேல் இவ்விரு விடைகளும் அச்சிடப்படும் நாள்வரை, விற்பவரிடம் நாமே கேட்டு வாங்குவோம்.