எண்ணை ஒலியாக்குவது யார்? – குறுந்தட்டின் இரண்டாவது பெட்டி குறித்து

குறுந்தட்டின் வரலாறு என்று சொல்லப்பட்டு வருவது பெரும்பாலும் ஒரு முன்னேற்றக் கதையாடல். கீறல் விழும் இசைத்தட்டு, இரைச்சலிடும் நாடா, பிறகு 1982இல் எல்லாக் குறைகளையும் முடித்துவைக்க வந்த பளபளக்கும் வட்டு. அதற்குப் பிறகும் ஏதாவது குறை மிஞ்சினால் அதைத் தீர்க்கத் தனியாக ஒரு பெட்டி: டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக 'டாக்'. இந்தக் கடைசிப் படியில்தான் கதை இடறுகிறது என்று எனக்குப் படுகிறது. எல்லாம் முடிந்தது என்று அறிவித்தவர்களே அப்புறம் எதுக்கு இன்னொரு பெட்டி விற்றார்கள்?

அறிவிப்பு சாதாரணமானதல்ல. குறையற்ற ஒலி, அதுவும் என்றென்றைக்கும், என்று விளம்பரங்கள் வாக்களித்தன. மூலம்/நகல் என்ற எதிர்வு ஒழிந்தது என்பதே இதன் உட்பொருள். தட்டில் இருப்பவை எண்கள், எண்ணுக்குத் தேய்மானமில்லை, எவர் வீட்டில் வாசித்தாலும் ஒரே பிரதி. ஒவ்வொரு காதுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். (இந்த 44,100 இசைக்குள்ளிருந்து பிறந்த எண் அல்ல. அன்று இத்தனை எண்களைப் பதிந்துவைக்க வீடியோ நாடாவைத்தான் பயன்படுத்தினார்கள்; அதன் கோடுகளின் கணக்கிலிருந்து வந்தது.)

ஆனால் தொடக்கத்திலேயே வாசிப்பு இரண்டாக இருந்தது. 1982 அக்டோபரில் சோனி ஜப்பானில் விற்பனைக்கு விட்ட சிடிபி-101இல் 16 பிட் மாற்றி ஒன்றே ஒன்று. இடது, வலது என்று மாறிமாறி வேலை செய்தது. ஆகவே ஒரு காதுக்கு மற்றதைவிடச் சுமார் 11 மைக்ரோவிநாடி தாமதம். ஃபிலிப்ஸின் முதல் கருவிகளில் இருந்தது 14 பிட் மாற்றி. குறைந்துபோன இரண்டு பிட்டை ஈடுகட்ட, எண்களுக்கு நடுவே புதிய எண்களைக் கணக்கிட்டு நிரப்பி நான்கு மடங்காக்கி, மிஞ்சிய பிழையைக் காதுக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிவிட்டார்கள். மூலம் ஒன்று, உரைகாரர் இரண்டு பேர்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொற்பிரிப்பு கிடையாது. வாசிக்கிறவன் வைக்கிற புள்ளிதான் பாடம். ஆனால் ஒப்புமையை இங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். வாசிப்புகள் முடிவற்றவை என்று கொண்டாட இந்தத் தட்டில் இடமில்லை. நைக்விஸ்ட், ஷானன் இவர்களின் கணிதப்படி, 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிய ஒலியென்றால் அந்த எண்கள் வழியாகச் செல்லும் வளைவு ஒன்றே ஒன்றுதான். சரியான பாடம் இருக்கிறது. அதை உண்மையான சிலிக்கானில், உண்மையான மின்சாரத்தில் எவ்வளவு நெருங்குகிறோம் என்பது மட்டுமே கேள்வி.

1980களின் நடுவில் சோனியே தன் கருவியை இரண்டாகப் பிளந்தது: தட்டைச் சுழற்றி எண்களைப் படிப்பது ஒரு பெட்டி, ஒலியாக்குவது இன்னொன்று. பிளேயரின் முதுகில் எண்கள் வெளியே வர ஒரு துளை. அதன் வழியே உள்ளே நுழைந்தவர்கள் சின்னக் கம்பெனிகள். லேசரும் சுழற்பொறியும் செய்ய அவர்களிடம் முதல் இல்லை, மாற்றி செய்ய முடியும். பிரிட்டனின் ஆர்காம் 1980களின் இறுதியில் கொண்டுவந்த 'பிளாக் பாக்ஸ்' இந்த வகை. பழைய பிளேயரைத் தூக்கி எறிய வேண்டாம், மாற்றியை மட்டும் மாற்றினால் போதும் என்றது. கேட்பவன் முதன்முறையாக உரைகாரரைத் தேர்ந்தெடுக்கிறான். ஒரு பெட்டி வாங்கியவனிடம் இன்னொன்றையும் விற்கும் சந்தைத் தந்திரமும் இதுதான். இரண்டும் ஒருசேர உண்மை.

பிளவு தன் நோயையும் கூடவே கொண்டுவந்தது. இரு பெட்டிகளை இணைக்கும் முறைக்கு எஸ்/பிடிஃப் என்று பெயர். முதல் இரண்டு எழுத்தும் சோனி, ஃபிலிப்ஸ். ஒரே கம்பியில் எண்ணும் போகிறது, எப்போது ஒலிக்க வேண்டும் என்ற கடிகாரமும் போகிறது. கம்பியில் துடிப்பின் விளிம்புகள் மழுங்கும்போது, முன்னால் போன எண்களைப் பொறுத்துக் கடிகாரம் நடுங்குகிறது. இசையே தன் நேரத்தைக் கலைக்கிறது எனலாம். ஒரே பெட்டிக்குள் இருந்தவரை இந்தக் கம்பிக்கே அவசியமிருக்கவில்லை. 1992இல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் ஒலிப் பொறியியல் சங்கத்தில் வாசித்த கட்டுரை, இந்த இணைப்பே பழுதானதா என்று நேரடியாகக் கேட்டது. 20 கிலோஹெர்ட்ஸ் உச்ச ஒலியில் 16 பிட்டின் அரைப்படி பிழை வர, சுமார் 120 பிக்கோவிநாடி பிசகு போதும். உடனே நடுக்கத்தைக் குறைக்க மூன்றாவதாக ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது!

சரி, காதுக்குத் தெரிகிறதா? சோனியின் 11 மைக்ரோவிநாடியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒலி நடக்கும் தூரம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. நாற்காலியில் தலையை லேசாகத் திருப்பினால் அதைவிட அதிகம் மாறிவிடும். 2007இல் மேயர், மோரன் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவுகளைக் குறுந்தட்டின் 16 பிட் அளவுக்குள் நுழைத்து வெளியே எடுத்து, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. காசு சுண்டியிருந்தாலும் இவ்வளவுதான் வந்திருக்கும். 'கேட்டல் என்பதே கட்டமைக்கப்பட்டது' என்று சொல்லி நம்மவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போய்விட முடியாது. ஒழுங்காகச் செய்யப்பட்ட ஒரு மாற்றிக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான வேறுபாடு, ஒலிபெருக்கியை ஓரடி நகர்த்துவதற்கு முன் ஒன்றுமேயில்லை என்பது என் முடிவு.

அப்படியானால் அந்தத் துளையை வைத்து ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு? கம்பியில் போகும் எண்களோடு ஒலியல்லாத சில பிட்களும் போகின்றன. அவற்றில் ஒன்று அனுமதி: நகலெடுக்கலாம், கூடாது. 1987இல் டிஜிட்டல் நாடா வந்தபோது, மூலத்துக்குச் சமமான நகல் சாதாரண வீட்டில் சாத்தியமானது. இசைக் கம்பெனிகள் அதிர்ந்துபோயின. மூலம்/நகல் எதிர்வு ஒழிந்ததென்று விற்றவர்கள், அது உண்மையிலேயே ஒழியப்போனபோது சட்டசபைக்கு ஓடினார்கள். 1992இல் அமெரிக்கச் சட்டம், வீட்டு டிஜிட்டல் பதிவுக் கருவிகள் நகலின் நகலைத் தடுக்க வேண்டும் என்றது. கேட்பவன் கையிலிருந்த கம்பிக்குள் இப்படி ஒரு காவல்காரன் வந்து உட்கார்ந்தான். ஒலித்தரம் பற்றிய எந்த விவாதத்திலும் அவன் பெயர் அடிபடவில்லை.

1999இல் அதே சோனியும் ஃபிலிப்ஸும் சூப்பர் ஆடியோ சிடியைக் கொண்டுவந்தார்கள். புதிய தட்டின் உயர்தர அடுக்கைப் பழைய துளை வழியே வெளியே விடுவதில்லை என்று முதலிலேயே முடிவுசெய்திருந்தார்கள். அந்தப் பிளேயரில் உயர்தர அடுக்கை ஓடவிட்டால் முன்புறம் இசை கேட்கிறது. பின்னால் கம்பியில் மாட்டியிருக்கும் இரண்டாவது பெட்டிக்கு அதிலிருந்து ஒரு எண்கூட வந்து சேருவதில்லை.