விற்ற பிறகும் தொடரும் பொறுப்பு: துப்பாக்கிப் பதிவேடும் வாங்குவோர் சரிபார்ப்பும்

மலேசியாவில் தனியார் துப்பாக்கி வைத்திருப்பதை 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. போலீஸ் துறை தரும் உரிமம் முதலில் கைக்கு வர வேண்டும். கடையில் விற்பனை அதற்குப் பிறகுதான். செபராங் ஜெயாவைச் சுற்றியுள்ள செபராங் பிறைத் தோட்டங்களில் காட்டுப்பன்றியிடமிருந்தும் குரங்கிடமிருந்தும் பயிரைக் காக்க வேட்டைத் துப்பாக்கி கேட்பவரானாலும், நகரத்தில் பாதுகாப்புப் பணிக்குக் கைத்துப்பாக்கி கேட்பவரானாலும், இந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். வாசல் குறுகலாக இருப்பதால், அதைக் கடந்துவிட்டவரைப் பற்றி இனிக் கவலை வேண்டாம் என்ற நம்பிக்கை பரவலாக ஊன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கை பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். உரிமத்துக்கான சரிபார்ப்பு ஒருவரின் நேற்றுவரையான வாழ்க்கையை மட்டுமே பார்க்கிறது. நாளை அவர் மாறலாம், துப்பாக்கி கைமாறலாம், தோட்டா கணக்கில்லாமல் கரையலாம். இவற்றைத் தொடர்ந்து கண்காணிக்கும் ஆற்றல் ஒழுங்காக எழுதப்பட்டு, ஒழுங்காகப் படிக்கப்படும் பதிவேட்டுக்கே உண்டு.

பதிவேட்டின் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். விற்ற தேதி, வாங்கியவர் பெயர், அடையாள அட்டை எண், உரிம எண், துப்பாக்கியின் தயாரிப்பு, குழல் அளவு, உடலில் பொறித்த வரிசை எண், கொடுத்த தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவை அதில் இருக்க வேண்டும். இந்த ஒரே வரி மூன்று வேலைகளைச் செய்கிறது. குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், அது கடைசியாகச் சட்டப்படி யாரிடம் இருந்தது என்று சொல்கிறது. ஆண்டுக்குச் சில பன்றிகளைச் சுடுபவர் மாதந்தோறும் பெட்டி பெட்டியாகத் தோட்டா வாங்கினால், அந்த மாற்றத்தைக் கண்ணில் படவைக்கிறது. கடையின் இருப்பும் விற்பனையும் பொருந்தாதபோது கடைக்காரரையே கேள்வி கேட்கிறது. சரிபார்ப்பு வாங்குபவரை மட்டும் சோதிக்கிறது. பதிவேடு வாங்குபவர், விற்பவர், அனுமதி தந்தவர் ஆகிய மூவரையும் சோதிக்கிறது.

பதிவு தவறினால் சரிபார்ப்பு எவ்வளவு பயனற்றுப் போகும் என்பதற்கு அமெரிக்கா கசப்பான சான்று. அங்கே உரிமம் பெற்ற கடைகளில் வாங்குவோரை உடனுக்குடன் சரிபார்க்கும் தேசிய முறை 1998 முதல் நடக்கிறது. 2017 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் சுட்டவர், குடும்ப வன்முறைக்காக இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற முன்னாள் விமானப்படை வீரர். அந்தத் தண்டனையை விமானப்படை தேசியப் பட்டியலுக்கு அனுப்பவில்லை; ஆகவே அவர் கடையில் சரிபார்ப்பைத் தடையின்றிக் கடந்தார். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவரின் கதையும் இதற்கு நெருக்கமானது. அவரது கைதுப் பதிவு உரிய காலத்தில் அதிகாரியின் கைக்கு எட்டவில்லை. மூன்று வேலை நாள்கள் கடந்ததால் கடைக்காரர் விற்கச் சட்டம் இடம் கொடுத்தது. இரு நிகழ்விலும் கேள்வி கேட்கப்பட்டது. விடை சொல்ல வேண்டிய ஏடு வாய் திறக்கவில்லை.

அனுமதி தருவதில் கண்டிப்பு இருந்தால் இந்த இடர் வராது என்று கருதுவோருக்கு நியூசிலாந்து பதில் சொல்கிறது. 2019 மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவர் முறையான உரிமம் வைத்திருந்தார். அவருக்கு நற்சான்று அளித்தவர்கள் அவரை நெருங்கி அறிந்தவர்களா என்பது சரிவரப் பார்க்கப்படவில்லை என்று அரச விசாரணை ஆணையம் கண்டறிந்தது. அந்நாட்டில் உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இருந்ததே தவிர, பெரும்பாலான துப்பாக்கிகளுக்குத் தனித்தனிப் பதிவு இல்லை. அதனால் தடைசெய்த ஆயுதங்களை அரசு திரும்ப வாங்க முற்பட்டபோது மொத்தம் எத்தனை இருந்தன என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. 2023 ஜூனில் புதிய பதிவேடு தொடங்கிய பின்னணி இதுவே. இந்தியாவிலோ அனுமதி தரும் கை மீதே சந்தேகம் விழுந்தது. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியற்றோருக்கு 2.78 லட்சத்துக்கு மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தது. ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி எண் தரும் தேசியத் தரவுத்தளம் தேவைப்படுவதும் இதனால்தான்: மாவட்டத்தில் மறைந்த தவறு நாட்டளவில் தெரியும்.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தீபகற்பத்தின் வடபகுதியில் குற்றவாளிகளின் கையில் சிக்கும் துப்பாக்கிகளில் பல தாய்லாந்து எல்லை வழியே கடத்தி வரப்படுபவை. செபராங் ஜெயா போன்ற நெடுஞ்சாலை நகரம் அவற்றுக்கு வழித்தடம் ஆகலாம். அப்படியிருக்க, சட்டப்படி நடக்கும் கடையின் ஏட்டைக் கட்டி அழுது என்ன பயன் என்று கேட்கலாம். கடத்தல் உண்மை, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. பிடிபட்ட ஆயுதம் எல்லை தாண்டி வந்ததா, உள்ளூர் உரிமதாரரிடமிருந்து களவு போனதா, கடையிலிருந்தே கசிந்ததா என்று பிரித்தறிய, சட்டப்படியான ஆயுதங்களின் முழுப் பட்டியல் வேண்டும். அது இல்லாமல் எல்லாவற்றையும் கடத்தல் கணக்கில் எழுதினால் உள்ளூர்க் கசிவு மறைந்துவிடும். கடுந்தண்டனையே போதும் என்பது அடுத்த வாதம். 1971ஆம் ஆண்டுச் சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டம் முறையற்று ஆயுதம் வைத்திருப்போருக்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. அத்தண்டனை பிடிபட்டவரையே தொடும். உரிமத்தோடு வாங்கிய துப்பாக்கி வீட்டுச் சண்டையில் வெடிப்பதை அது முன்கூட்டித் தடுக்காது.

தனிமனித அந்தரங்கம் பற்றிய மறுப்பை இலேசாகத் தள்ளக் கூடாது. யாரிடம் ஆயுதம் இருக்கிறது என்ற பட்டியல் கசிந்தால் திருடனுக்கே வழிகாட்டியாகும். அதற்கு மருந்து, பட்டியலைத் திறந்து பார்ப்பவர் பெயரும் நேரமும் காரணமும் அதே ஏட்டில் பதிவாக வேண்டும் என்ற விதி. பட்டியலே கூடாது என்பது மருந்தல்ல. இந்த விதியோடு மூன்று திருத்தங்கள் தேவை. கடையின் ஒவ்வொரு விற்பனையும் அன்றே போலீஸ் துறையின் மின்பதிவில் ஏற வேண்டும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் ஒருவருக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை பிறந்தால், அது தானாகவே உரிம அதிகாரியை எட்டி, அவரது துப்பாக்கி காவலில் எடுக்கப்பட வேண்டும். உரிமதாரர் இறந்தாலோ ஊர் மாறினாலோ, ஆயுதம் எங்கே என்ற கேள்வி அடுத்த புதுப்பிப்புவரை காத்திருக்கக் கூடாது. இவற்றுக்கு முற்றிலும் புதிய தத்துவம் வேண்டியதில்லை. ஒருமுறை கொடுத்த அனுமதிக்கு அரசு தொடர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்ற உறுதி போதும். ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாக அன்றிச் சலுகையாகக் கருதும் நாடு, அந்தச் சலுகை இன்றும் தகுதியானவர் கையில்தான் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கக் கடமைப்பட்டிருக்கிறது.